குழந்தைகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துச் சுவரில் மாட்டுவது வரை: எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது

அம்பாசமுத்திரத்தில் எங்கள் ஆச்சி வீட்டு முன்னறையில் அப்பாவின் மூன்று வயதுப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், கால் தரையைத் தொடவில்லை, தலைக்கு மேல் நிறைய வெற்றிடம். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் படமும் அதே மாதிரி கறுப்பு வெள்ளையில் பக்கத்தில் வேண்டும் என்று ஆச்சி கேட்டாள். என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டு, தம்பி மகளுக்கு ஏழு. மூவரையும் எடுத்தேன், லேபில் 8×10 பிரிண்ட் போட்டேன், ஃபிரேமும் போட்டு வாங்கிவந்தேன்.

மூன்றும் வீண். மகளின் உச்சிக் குடுமி பாதியில் போயிருந்தது. மகனின் கால்விரல்கள் ஃபிரேம் விளிம்புக்கு அடியில் மறைந்துவிட்டன. தம்பி மகளின் முகம் அவளுடைய நிறமே இல்லாமல் வெளுத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து, இரண்டாவது முறை சரியாக வந்தது. அந்த இரண்டாவது முறையைத்தான் வரிசையாக எழுதுகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் முறைச் செலவையாவது மிச்சம் பிடிக்கலாம்.

1. கேமராவைத் தொடும் முன் பிரிண்ட் அளவை முடிவு செய்யுங்கள்

படத்தை எடுத்துவிட்டு அப்புறம் என்ன சைஸில் போடலாம் என்று யோசிப்பதுதான் வழக்கம். அதைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் சுவர், அப்புறம் ஃபிரேம், அப்புறம் பிரிண்ட், கடைசியில் கேமரா.

ஏன் என்றால், டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் பெரும்பாலும் 3:2 விகிதத்தில் படம் எடுக்கும். போன் கேமரா 4:3. லேபில் கிடைக்கும் 4×6, 8×12, 12×18 மூன்றும் 3:2 விகிதம்தான், கேமராப் படம் அப்படியே உட்காரும். ஆனால் 8×10 என்பது 5:4. கேமராவை நிமிர்த்திப் பிடித்து எடுத்த 3:2 படத்தை 8×10-க்குள் போட்டால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 8×12 பிரிண்டில் வைத்துப் பார்த்தால் அது முழுசாக இரண்டு அங்குலம். தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் அந்த இரண்டு அங்குலத்துக்கு இடம் விடாமல் எடுத்திருந்தால் எதையாவது இழந்தே ஆக வேண்டும். என் மகளின் குடுமி போனது இப்படித்தான்.

போனில் எடுப்பவர்களுக்கு இது நேர்மாறு. 8×10-ல் உயரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் போகும். 8×12-ல் போட்டால் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போகும். கையை விரித்து நிற்கிற பிள்ளைக்கு அது விரல்கள். எதில் எடுப்போம் என்றே முடிவாகவில்லையா? 5×7 வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்குமே சேதம் குறைவு.

ஒரே சுவரில் பல படம் என்றால் எல்லாம் ஒரே வாக்கில் இருக்கட்டும். நாங்கள் மூன்றையும் 8×12, நெட்டுவாக்கில் என்று முடிவு செய்தோம்.

2. அனுமதியும் காகிதமும்

உங்கள் பிள்ளை, உங்கள் வீட்டுச் சுவர் என்றால் காகிதம் எதுவும் வேண்டாம். தம்பி பிள்ளை, அக்கா பிள்ளை என்றால் பெற்றவர்கள் இரண்டு பேரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சுவரில் மாட்டச் சம்மதம் என்பது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடச் சம்மதம் என்று ஆகாது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். குடும்பத்துக்குள் வருகிற மனவருத்தம் பாதி இந்த இடத்தில்தான்.

நண்பர் வீட்டுப் பிள்ளையை எடுக்கிறீர்கள், அல்லது காசு வாங்கிக்கொண்டு எடுக்கிறீர்கள் என்றால் ஒரு பக்கக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பெயர், வயது, பெற்றோர் பெயர், எடுத்த தேதி, படம் எங்கெங்கே பயன்படும் (பிரிண்ட் மட்டுமா, இன்ஸ்டாகிராமிலும் வருமா, உங்கள் விளம்பரத்துக்கும் சேர்த்தா), பெற்றோர் கையெழுத்து. இவ்வளவு போதும், தமிழிலேயே எழுதலாம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது, அவர்கள் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. வீட்டுக்குள் சொந்த உபயோகத்துக்கு இது பொருந்தாது. தொழிலாகச் செய்பவர்கள் கடிதம் இல்லாமல் கேமராவை எடுக்க வேண்டாம்.

பள்ளியில் எடுப்பதற்குத் தலைமை ஆசிரியர் சரி என்று சொன்னால் மட்டும் போதாது, ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் கேட்க வேண்டும். குழந்தைகள் இல்லங்களில் இருக்கிற பிள்ளைகள் விஷயம் இன்னும் கண்டிப்பானது. அவர்களின் அடையாளம் தெரிகிற படத்தை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் தவறு தவறுதான்.

பிள்ளையிடமும் கேளுங்கள். ஏழு வயதுப் பெண் "இன்னைக்கு வேண்டாம் அத்தை" என்று சொன்னால் அன்றைக்கு வேண்டாம்.

இன்னொன்று. இந்தப் படங்களைப் பாஸ்போர்ட்டுக்கோ பள்ளி விண்ணப்பத்துக்கோ கொடுக்க முடியாது. அங்கே வெளிர் பின்னணியில் எடுத்த கலர் படம்தான் கேட்பார்கள்.

3. செலவும் நாள் கணக்கும்

எனக்கு ஆன செலவை அப்படியே சொல்கிறேன். உங்கள் ஊரில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

முதல் முறை: 8×10 பிரிண்ட் மூன்று, ஒன்று 100 ரூபாய். ஃபிரேம் மூன்று, ஒன்று 450 ரூபாய். மொத்தம் 1,650 ரூபாய், அத்தனையும் வீண்.

இரண்டாம் முறை: சோதனைக்காக 4×6 பிரிண்ட் ஆறு, ஒன்று 15 ரூபாய். 8×12 பிரிண்ட் மூன்று, ஒன்று 120 ரூபாய். மவுண்ட் போர்டும் (படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) கண்ணாடியும் சேர்த்து ஃபிரேம் மூன்று, ஒன்று 600 ரூபாய். மொத்தம் 2,250 ரூபாய். இதில் அந்தச் சோதனைப் பிரிண்டுகளுக்குக் கொடுத்த 90 ரூபாயை முதல் முறையே கொடுத்திருந்தால் முகம் வெளுத்த விஷயம் அப்போதே தெரிந்திருக்கும்.

நாள் கணக்குக்கு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுக்க ஒரு காலை. ஆனால் ஒரே காலையில் மூன்று பிள்ளைகளும் ஒத்துழைப்பார்கள் என்று நம்ப வேண்டாம், இரண்டு வார இறுதிகளை ஒதுக்குங்கள். எடுத்த அன்றே தேர்ந்தெடுக்காமல் இரண்டு நாள் ஆறப்போடுங்கள். அன்றைக்குப் பார்த்தால் பிள்ளை சிரித்த படம் எல்லாமே நல்ல படமாகத் தெரியும். சோதனைப் பிரிண்டுக்கு ஒரு நாள், பெரிய பிரிண்டுக்கு இரண்டு மூன்று நாள், ஃபிரேமுக்கு ஒரு வாரம். தை, ஆவணி போன்ற முகூர்த்த மாதங்களில் லேப் முழுக்கக் கல்யாண ஆல்பம் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் மூன்று பிரிண்டை அவசரத்தில் சரிபார்க்காமல் தள்ளிவிடுவார்கள். பிறந்தநாள், கிரகப்பிரவேசம் என்று தேதி இருந்தால் அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

4. வெளிச்சம், உடை, பவுடர்

நம் ஊர் வெயிலில் வெளியே நிற்கவைத்து எடுத்தால் கண் இரண்டும் குழியாகி, மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் விழும். கலரில் ஓரளவு தப்பித்துவிடும். கறுப்பு வெள்ளையில் நிழல் அப்படியே கரும்பட்டையாக நிற்கும். திண்ணை, வாசல்படிக்கு உள்பக்கம், முற்றத்தின் ஓரம், பெரிய ஜன்னல் பக்கம், இவைதான் நல்ல இடங்கள். நேர் வெயில் படாமல் வானத்து வெளிச்சம் மட்டும் ஒரு பக்கமாக வர வேண்டும். காலை ஏழரையிலிருந்து ஒன்பது, மாலை நாலரையிலிருந்து ஐந்தரை. பிள்ளை தூங்கி எழுந்து சாப்பிட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கட்டும்.

வாசலில் எடுக்கும்போது பிள்ளையை நிலைப்படியிலிருந்து ஒரு கை தூரம் உள்ளே உட்கார வையுங்கள். முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல் என்று தானாக அமைந்துவிடும். இதற்கு மேல் எந்த லைட்டும் தேவைப்படவில்லை.

படம் எடுக்கப் போகிறோம் என்றதும் வீட்டில் பிள்ளைக்குப் பவுடர் பூசிவிடுவார்கள். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். கறுப்பு வெள்ளையில் பவுடர் திட்டுத் திட்டாக, சுண்ணாம்பு மாதிரி தெரியும். அதைப் பின்னால் எடுக்கவே முடியாது. தலைக்கு எண்ணெய் கொஞ்சமாக இருந்தால் அழகு, நெற்றியில் வழிந்தால் அந்தப் பளபளப்புதான் படத்தில் முதலில் கண்ணில் படும்.

உடையில் பெரிய எழுத்து, கார்ட்டூன், கட்டம் எதுவும் வேண்டாம். சுத்த வெள்ளைச் சட்டை முகத்தைவிட முன்னால் வந்து நிற்கும். கலரில் எடுபடுவதை நம்பியும் தேர்ந்தெடுக்காதீர்கள். சிவப்புப் பாவாடை பச்சைச் செடிக்கு முன்னால் அருமையாக இருக்கும். கலரை எடுத்துவிட்டால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பல், எது செடி எது பாவாடை என்று தெரியாது.

5. கேமரா செட்டிங்: சுருக்கமாக

கேமரா என்றால் 50 எம்எம் லென்ஸ் போதும். லென்ஸ் திறப்பு எஃப் 2.8-இலிருந்து எஃப் 4 வரை, ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையாமல், ஓடுகிற பிள்ளைக்கு 1/500. அதற்காக ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 1600 வரை ஏறினாலும் கவலை வேண்டாம். கறுப்பு வெள்ளையில் அதனால் வருகிற பொடிப்புள்ளி உறுத்தாது, ஆட்டம் விழுந்த கண் உறுத்தும். 'ரா' ஃபைலில் (கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடுங்கள், பிக்சர் ஸ்டைலை மோனோக்ரோமில் வையுங்கள். திரையில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும், 'ரா' ஃபைலில் கலர் தகவல் முழுசாக இருக்கும். அந்தக் கலர் 7-ஆம் படியில் கட்டாயம் வேண்டும்.

போன் என்றால் சாதாரண 1எக்ஸ்-இல் கிட்டப் போகாதீர்கள். அது அகலமான லென்ஸ். பிள்ளையின் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடிவிடும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2எக்ஸ் வையுங்கள். போர்ட்ரெய்ட் மோடைத் தவிர்ப்பது நல்லது, சுருட்டை முடியின் ஓரங்களைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும்.

6. எடுக்கும்போதே படத்தின் எல்லையைக் கட்டுவது

முதல் வேலை, கீழே இறங்குவது. லென்ஸ் பிள்ளையின் கண் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு வயது மகனுக்கு நான் தரையில் குப்புறப் படுத்துத்தான் எடுத்தேன். நின்றபடி எடுத்தால் தலை பெருத்து, கால் குச்சியாகி, பிள்ளை நம்மை அண்ணாந்து பார்க்கும் படம்தான் வரும். நூறு படம் எடுத்தாலும் நூறும் அதே படமாக இருக்கும்.

இரண்டாவது, இடம் விடுங்கள். தலைக்கு மேல் பிள்ளையின் முகத்தில் பாதி அளவு, இரண்டு பக்கமும் அதே அளவு. இப்போது திரையில் பார்த்தால் படம் தளர்வாக, ஏதோ குறைகிற மாதிரி தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். மிச்சமாக உள்ளதை வெட்டிக்கொள்ளலாம், இல்லாததை ஒட்டவைக்க முடியாது. 24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 6000×4000. 8×12 பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 3600×2400 போதும். அதாவது நீளத்திலும் அகலத்திலும் ஐந்தில் இரண்டு பங்கை வெட்டி எறிந்தாலும் பிரிண்ட் தரம் குறையாது. 12 மெகாபிக்சல் போனில் 4000×3000-தான். அங்கே இவ்வளவு தாராளம் கிடையாது, கொஞ்சம் நெருக்கி எடுங்கள்.

மூன்றாவது, கை கால். ஒன்று முழுசாக உள்ளே இருக்க வேண்டும், இல்லையென்றால் தெளிவாக வெளியே இருக்க வேண்டும். ஓரத்தில் விரல் நுனி மட்டும் போனால் பார்க்கிறவர் கண் அங்கேயே போய் நிற்கும். பிள்ளைகள் கையைச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். அதனால் கையில் எதையாவது கொடுத்துவிடுங்கள். மகளிடம் ஒரு சிறு சொம்பைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், விரல் பத்தும் படத்துக்குள் வந்துவிட்டன.

நான்காவது, தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது? நம் பிள்ளைகளுக்குக் கறுத்த முடி. ஆச்சி வீட்டுக் கதவோ எண்ணெய் ஏறிய கருந்தேக்கு. இரண்டையும் சேர்த்து எடுத்தால் முடி கதவோடு கரைந்து, முகம் மட்டும் முகமூடி மாதிரி மிதக்கும். கலரில் இது தெரியவே தெரியாது, பழுப்புக் கதவும் கறுப்பு முடியும் பிரிந்துதான் தெரியும். அதற்காகத்தான் திரையை மோனோக்ரோமில் வைக்கச் சொன்னேன். பிள்ளையைக் கதவிலிருந்து மூன்று அடி முன்னால் நகர்த்துங்கள், முடியின் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கோடு விழுகிற கோணமாகப் பாருங்கள். அல்லது சுண்ணாம்புச் சுவர் பக்கம் திருப்பிவிடுங்கள். ஜன்னல் கம்பி, தொட்டில் கயிறு, காலண்டர் எதுவும் தலையிலிருந்து முளைக்க வேண்டாம்.

ஐந்தாவது, பிள்ளை எங்கே பார்க்கிறதோ அந்தப் பக்கம் இடம் கூடுதலாக இருக்கட்டும். வாசலைப் பார்க்கிற பிள்ளையின் மூக்குக்கு முன்னால் ஃபிரேம் முடிந்துவிட்டால் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அதற்குப் பிறகு வருவது "சிரி, சிரி" என்று கேட்டு வாங்குகிற சிரிப்பு. வாய் சிரிக்கும், கண் சிரிக்காது.

7. முதலில் கறுப்பு வெள்ளை, அப்புறம் கிராப் (ஓரம் வெட்டுவது)

இந்த வரிசையை மாற்ற வேண்டாம். கலரில் கண்ணை உறுத்தாத ஒரு மூலை, கறுப்பு வெள்ளையில் பளிச்சென்று வெளுத்து நிற்கும். எதை வெட்ட வேண்டும் என்பது கலரை எடுத்த பிறகுதான் தெரியும்.

'கலரை முழுசாகக் குறை' என்கிற ஒரே பொத்தானை அமுக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். லைட்ரூம் மொபைல் செயலியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்லைடர் கிடைக்கும். ஸ்னாப்ஸீட் செயலியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஃபில்டர்கள் உண்டு. தோலின் நிறம் சிவப்பிலும் ஆரஞ்சிலும்தான் இருக்கிறது. சிவப்பு ஃபில்டர் போட்டால் தோல் வெளுக்கும், உதடு மறையும், நெற்றியில் உள்ள சிவப்புப் பொட்டு காணாமலே போய்விடும். பச்சையோ நீலமோ போட்டால் தோல் கறுக்கும், கொசு கடித்த தடம்கூடப் பளிச்சென்று தெரியும். ஆரஞ்சை மட்டும் கொஞ்சமாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே நிறுத்துவது நல்லது.

தம்பி மகள் நல்ல கறுப்பு. முதல் பிரிண்டில் லேபில் இருந்தவர் எனக்கு உதவுவதாக நினைத்து அவள் முகத்தின் வெளிச்சத்தைத் தூக்கிவிட்டிருந்தார். அதைப் பார்த்து அவள் "இது நானா அத்தை?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். கறுத்த முகம் கறுத்தே இருக்கட்டும். கன்னத்து மேட்டிலும் மூக்குத் தண்டிலும் விழுகிற வெளிச்சம் சரியாக இருந்தால் அந்த முகத்துக்கு இணையான கறுப்பு வெள்ளைப் படம் கிடையாது. முகம் முழுவதையும் வெளுக்காமல், மிக இருண்ட பகுதியில் மட்டும் விவரம் தெரிகிற அளவுக்கு நிழலை வெளிச்சமாக்கினால் போதும். முடி இழைகள் தெரிகின்றனவா, கண்ணில் கருவிழி தனியாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

8. கிராப்: எங்கே கத்தி வைக்கலாம்

கிராப் செய்வதே குற்றம் என்று சிலர் நினைக்கிறார்கள். புகைப்படக் கலைஞர் ஆர்னால்ட் நியூமன் 1946-இல் இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பியானோவோடு எடுத்த பெயர்பெற்ற படம், நெகடிவில் பெரும்பகுதியை வெட்டிவிட்டுக் கிடைத்ததுதான். தாராளமாக வெட்டலாம். ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் ஓர் இடத்தில் மட்டும் கை நடுங்க வேண்டும்: நெற்றி.

வளர்ந்தவர்களுக்குக் கண் ஏறக்குறைய தலையின் நடு உயரத்தில் இருக்கும். சின்னப் பிள்ளைக்குக் கண் நடுவுக்குக் கீழே. மேலே பெரிய நெற்றியும் உருண்ட மண்டையும். பிள்ளையைப் பிள்ளையாகக் காட்டுவதே அந்த அளவுதான். பெரியவர்களின் படத்தில் உச்சியை வெட்டி முகத்தை நெருக்கினால் நன்றாக இருக்கிறதே என்று அதையே இரண்டு வயது மகனுக்குச் செய்து பார்த்தேன். கண், மூக்கு, வாய் மட்டும் மிஞ்சி, ஆறேழு வயதுப் பையன் யாரோ மாதிரி ஆகிவிட்டான். மூன்று வயதுக்குள் உச்சியை வெட்டாதீர்கள். ஏழு எட்டு வயதுக்கு மேல் முடியில் கொஞ்சம் வெட்டினால் பாதகமில்லை. எந்த வயதிலும் தாடையை வெட்ட வேண்டாம்.

உடம்பில் வெட்டும்போது மூட்டில் வெட்டக் கூடாது. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், கணுக்கால், கழுத்து, இந்த இடங்களில் ஃபிரேம் முடிந்தால் கை கால் துண்டான மாதிரி இருக்கும். இரண்டு மூட்டுக்கு நடுவில், அதாவது நடுத்தொடை, முன்கையின் நடு, நெஞ்சு என்று வெட்டினால் கண் தானாக மிச்சத்தை நிரப்பிக்கொள்ளும்.

மகளின் படத்தில் நான் செய்ததைச் சொன்னால் புரியும். திண்ணைத் தூணைச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், மடியில் சொம்பு. பக்கத்தில் ஆச்சி இருந்தாள், அவள் கை மகளின் தோளில். முதல் கிராப்பில் ஆச்சியை வெளியே தள்ளினேன். தோளில் மூன்று விரல் மட்டும் மிஞ்சியது. யாருடைய விரல், எங்கிருந்து வருகிறது என்று எதுவும் புரியவில்லை, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. இரண்டாவது கிராப்பில் விரல்களும் போகும்படி உள்ளே வெட்டினேன். இப்போது மகளின் தோள் பாதியில் நின்றது, தூணும் போய்விட்டது, அவள் எதில் சாய்ந்திருக்கிறாள் என்றே தெரியவில்லை. மூன்றாவதாக எதிர்ப்பக்கம் போனேன். ஆச்சியின் முன்கை பாதிவரை உள்ளே வரட்டும் என்று விட்டேன். கண்ணாடி வளையல் இரண்டு, சுருங்கிய தோல், அதன் கீழே பிள்ளையின் வழவழப்பான தோள். அந்தக் கைதான் படத்தையே தூக்கி நிறுத்தியது. கலரில் கண் சேலைக்கும் வளையலுக்கும்தான் போயிருந்தது, இந்தத் தோல் வித்தியாசத்தை நான் கவனிக்கவே இல்லை. ஆக, இன்னொருவரின் கை உள்ளே வந்தால் மணிக்கட்டு தாண்டி வரட்டும், இல்லையென்றால் முழுசாகப் போகட்டும்.

மகனின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு இருந்தது. கறுப்பு வெள்ளையில் முகத்திலேயே கனமான புள்ளி அதுதான். அந்தக் கன்னம் ஃபிரேமின் ஓரத்துக்குப் போனால் பொட்டு படத்தை அந்தப் பக்கம் இழுக்கும். அதை அழிக்கச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். அழிக்கவில்லை. பொட்டுள்ள கன்னம் நடுவை நோக்கி வரும்படி மறுபக்கத்தில் கூடுதலாக வெட்டினேன், சரியாகிவிட்டது.

கிராப் முடிந்ததும் நான்கு ஓரங்களையும் விரலால் சுற்றி வருகிற மாதிரி பாருங்கள். வெள்ளையாக ஏதாவது ஓரத்தைத் தொடுகிறதா? பிளாஸ்டிக் குடத்தின் மூலை, வெயில் பட்ட தரைத்துண்டு? வெட்டுங்கள், முடியாவிட்டால் கருமையாக்குங்கள். வெளியே பகிரப் போகிற படமாக இருந்தால் பள்ளிப் பெயர் உள்ள அடையாள அட்டை, வண்டி நம்பர், வீட்டுக் கதவு எண் இவற்றையும் வெட்டிவிடுங்கள். குளிக்கும் படம், உடுப்பில்லாத படம் எதையும் எங்கேயும் ஏற்ற வேண்டாம்.

கடைசியாக, கிராப் கட்டத்தை 2:3 (அல்லது நீங்கள் முடிவு செய்த விகிதம்) என்று பூட்டிவிட்டு வெட்டுங்கள். கைபோன போக்கில் வெட்டினால் மிச்சத்தை லேபில் இருக்கிற மெஷின் வெட்டும்.

9. லேபில் கொடுக்கும்போது

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் ஃபைல் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள். ஃபைல் ஜேபெக் வகையில், எஸ்ஆர்ஜிபி நிற முறையில் இருக்கட்டும். கலர் பேப்பரில் கறுப்பு வெள்ளை போடும்போது லேசாகப் பச்சையோ ஊதாவோ ஏறுவது சகஜம். அதனால்தான் முதலில் 4×6 சோதனைப் பிரிண்ட். அதைக் கடை டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாயல் தெரிந்தால் அங்கேயே சொல்லுங்கள், சரி செய்து தருவார்கள்.

கவுண்டரில் இந்த நாலு விஷயத்தைச் சீட்டில் எழுதியே கொடுத்துவிடுங்கள்: ஆட்டோ கரெக்ஷன் வேண்டாம், முகத்தை பிரைட் பண்ண வேண்டாம், கிராப் பண்ண வேண்டாம், மேட் (பளபளப்பில்லாத) ஃபினிஷ். வாயால் சொன்னால் கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியும், உள்ளே மெஷினில் இருப்பவருக்குப் போகாது.

10. ஃபிரேம் கடையில்

ஃபிரேமின் உள்விளிம்பு படத்தின் நாலு பக்கமும் கால் அங்குலம் அளவுக்கு மூடும். மகனின் கால்விரல் போனது இதில்தான். மவுண்ட் போர்டு வைத்தாலும் அதுவும் கொஞ்சம் மூடும். 8×12 படத்துக்கு மவுண்ட் திறப்பு ஏறக்குறைய 7.5×11.5 வரும். ஆகவே ஓரத்திலிருந்து அரை அங்குலத்துக்குள் முக்கியமான எதுவும் இருக்கக் கூடாது. கிராப் செய்யும்போதே இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸில் போட நினைப்பவர்களுக்கு இன்னும் அதிகம் தேவை. நாலு பக்கமும் ஒன்றரை, இரண்டு அங்குலம் மடிந்து பின்னால் போய்விடும்.

மவுண்ட் போர்டைக் கட்டாயம் கேளுங்கள். கண்ணாடி பிரிண்டை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் நம் ஊர் மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் கிழியும். மவுண்ட் வெள்ளையில் சுத்த வெள்ளை வேண்டாம், கொஞ்சம் மங்கின வெள்ளை நல்லது. சுத்த வெள்ளைக்குப் பக்கத்தில் படத்தின் வெள்ளை அழுக்காகத் தெரியும்.

மூடி ஆணி அடிக்கும் முன் ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி, பிரிண்டின் பின்பக்கம் ஓரத்தில் பிள்ளையின் பெயர், வயது, தேதி, ஊர் எழுதிவிடுங்கள். அப்பாவின் படத்தை இறக்கிப் பிரித்துப் பார்த்தோம், பின்னால் ஒன்றுமே இல்லை. எந்த வருடம், எந்த ஸ்டுடியோ என்று ஆச்சிக்கும் இப்போது நினைவில்லை. போட்டோ பேப்பரின் வழுவழுப்பான பின்பக்கத்தில் சாதாரணப் பென்சில் பிடிக்காது, சிடியில் எழுதுகிற மெல்லிய மார்க்கர் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதி ஐந்து நிமிடம் காயவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தின தடம் முன்பக்கம் எழும்பித் தெரியும்.